ஹான்ஸ் குளோப்கேயும் ஜெர்மன் அரசு இயந்திரமும்

(கட்சி அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1932 டிசம்பர் 23ஆம் நாள், பெர்லினில் பிரஷ்ய உள்துறை அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வெளியாயிற்று. பெயரை மாற்றிக்கொள்ள அனுமதி கோரும் விண்ணப்பங்களை அதிகாரிகள் எவ்வாறு பரிசீலிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். இத்தகைய காகிதங்களை எந்தச் செய்தித்தாளும் முதற்பக்கத்தில் போடுவதில்லை. ஆனால் அதில் ஒரு விதி இருந்தது. யூதர் ஒருவர் தம் யூதப் பெயரை விடுத்து வேறு பெயர் சூட்டிக்கொள்ள விரும்பினால், அது பிறப்பை மறைக்கும் முயற்சியாகும். அதற்கு அரசு துணை செய்யலாகாது என்று அவ்விதி கூறிற்று.

அன்று ஹிட்லர் ஆட்சியில் இல்லை. அவர் சான்சலராகப் பதவியேற்க இன்னும் 38 நாட்கள் இருந்தன. இப்படி எழுதும்படி எந்த நாஜி அமைச்சரும் கட்டளையிட்டிருக்க முடியாது. இதைத் தயாரித்தவர் 34 வயதான ஓர் அதிகாரி. நாஜிக் கட்சியில் அவர் உறுப்பினரல்லர், இறுதிவரை உறுப்பினராகவுமில்லை. பக்தியுள்ள கத்தோலிக்கர், கத்தோலிக்கர்களின் கட்சியான மையக் கட்சியைச் சேர்ந்தவர். அவர் பெயர் ஹான்ஸ் குளோப்கே.

வைமார் குடியரசுக்கும், ஹிட்லரின் ஆட்சிக்கும், ஆடனாவரின் மேற்கு ஜெர்மனிக்கும் அவர் அடுத்தடுத்துப் பணியாற்றினார். மூன்று அரசமைப்புகளிலும் பதவி உயர்வு பெற்றார். ஆட்சி மாறும்போது அரசு மாறுகிறதா என்ற பழைய கேள்வியைக் கோட்பாட்டு நூல்களில் படித்திருக்கிறோம். பாரிஸ் கம்யூனின் வீழ்ச்சிக்குப் பின் மார்க்ஸ் அதை எழுப்பினார். 1917இல் லெனின் மீண்டும் கையிலெடுத்தார். அந்தக் கேள்விக்கு ஒரு தனி மனிதரின் பணிப்பதிவேட்டிலிருந்து விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

குளோப்கே 1898 செப்டம்பர் 10 அன்று டூசல்டார்ஃபில் பிறந்தார். பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஆஹன் நகரில் வளர்ந்தார். தந்தை துணி மொத்த வணிகர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றிவிட்டு, பான், கொலோன் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்றார். 1922இல் கீசன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் என்ன தெரியுமா? நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு! பதினோரு ஆண்டுகள் கழித்து 1933 மார்ச்சில், கம்யூனிஸ்ட் கட்சியின் 81 உறுப்பினர்களை அவைக்குள்ளேயே வரவிடாமல் செய்து, அதிகாரமளிப்புச் சட்டத்தை நாஜிகள் நிறைவேற்றிக்கொண்டனர். எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் 94 பேர் மட்டுமே. குளோப்கேயின் மையக் கட்சி ஆதரித்து வாக்களித்தது. அதே ஆண்டு ஜூலையில் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது.

1925இல் ஆஹன் நகரக் காவல்துறையின் துணைத் தலைவரான அவர், 1929இல் பெர்லினுக்கு, பிரஷ்ய உள்துறை அமைச்சகத்துக்கு வந்தார். பிரஷ்யாவை அப்போது ஆண்டது சமூக ஜனநாயகவாதியான ஓட்டோ பிரவுன் தலைமையிலான கூட்டணி. 1932 ஜூலை 20 அன்று, சான்சலர் பாப்பன் ஓர் அவசர ஆணையின் மூலம் அந்த அரசை அகற்றினார். கம்யூனிஸ்ட் கட்சி பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுத்தது; சமூக ஜனநாயகத் தலைமை நீதிமன்றத்தின் படியேறியது. அமைச்சர்கள் வெளியேறினர், இடதுசாரிச் சாய்வுள்ள உயர் அதிகாரிகள் பலர் களையெடுக்கப்பட்டனர். குளோப்கேயின் மேசை இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்து மாதங்கள் கழித்து அந்த மேசையிலிருந்துதான் மேற்சொன்ன சுற்றறிக்கை பிறந்தது.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். பாசிசம் என்பது ஒரு நாள் காலையில் வெளியிலிருந்து வந்து அரசைக் கைப்பற்றிய ஒரு கூட்டம் என்ற சித்திரம் இன்றும் பரவலாக இருக்கிறது. பழுப்புச் சட்டைகளும் தீவட்டி ஊர்வலங்களும் கண்ணில் படுகின்றன, கோப்புகள் படுவதில்லை. பெயர் மாற்ற விதியை எழுதிய அதிகாரி எந்த ஊர்வலத்திலும் நடந்தவரல்லர். யூதர்களைத் தனியே பிரித்து அடையாளப்படுத்துவது அரசின் கடமை என்று நினைத்தார்; எழுதினார். அடுத்து வந்த ஆட்சிக்கு அவர் பயன்படுவார் என்பதற்கு இதைவிட நற்சான்று தேவையில்லை.

ஹிட்லர் பதவிக்கு வந்தபின் 1933 ஏப்ரல் 7 அன்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தொழில்முறைக் குடிமைப் பணியை மீட்டமைக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். அழகான பெயர்! யூதர்களையும் கம்யூனிஸ்டுகளையும் அரசியல் நம்பகத்தன்மை அற்றவர்கள் எனப்பட்டோரையும் அரசுப் பணியிலிருந்து விரட்டுவதே அதன் உள்ளடக்கம். குளோப்கேக்கு அச்சட்டத்தால் எந்த இடையூறும் நேரவில்லை. 1934இல் அவர் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு மாறினார். 1945 வரை அங்கேயே இருந்தார்.

1935 செப்டம்பர் 15 அன்று நியூரம்பர்க் சட்டங்கள் அறிவிக்கப்பட்டன. யூதருக்கும், ‘ஜெர்மன் இரத்தம்’ உடையோர் எனப்பட்டோருக்கும் இடையே திருமணமும் உறவும் குற்றமாக்கப்பட்டன. 45 வயதுக்குட்பட்ட ஜெர்மானியப் பெண்களை யூதர் தம் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாகாது. யூதர் முழுக் குடிமக்களல்லர். ஆனால் முழக்கத்தைச் சட்டமாக்கியவுடன் ஒரு சிக்கல் எழுந்தது: யூதர் என்பவர் யார்? மேடையில் கூச்சலிடுபவருக்கு இக்கேள்வி எழாது. திருமணப் பதிவாளருக்கு எழும். அதற்கு விடை சொல்ல அமைச்சகத்தின் சட்ட வல்லுநர்கள் தேவைப்பட்டனர். நவம்பர் 14 அன்று வந்த முதல் நடைமுறை விதி, தாத்தா பாட்டிமார் நால்வரில் மூவர் யூதராயின் அவர் யூதர் என்றது. இருவராயின் வேறு சில நிபந்தனைகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், ஒருவராயின் கலப்பினத்தவர்.

சரி, அந்தத் தாத்தா யூதர் என்பதை எப்படி அறிவது? இரத்தத்தைச் சோதித்துக் காண வழியில்லை. அப்படியொன்று இரத்தத்தில் இல்லவே இல்லை. ஆகவே தாத்தா யூத வழிபாட்டுச் சமூகத்தில் பதிவு பெற்றிருந்தால், மேற்கொண்டு எதையும் ஆராயாமல் அவரை முழு யூதராகக் கொள்ளலாம் என்று விதி எழுதினர். ஒருவர் மதம் மாறி யூதராகியிருந்தாலும், பேரப்பிள்ளைகளின் ‘இனத்தை’க் கணிக்கும்போது அவர் யூதரே. இனம் என்று பறைசாற்றினர். சான்றுக்குக் கோயில் பதிவேட்டைப் புரட்டினர். இந்த அபத்தத்தைச் சீராகப் பத்தி பிரித்து விளக்கும் திறமை சாதாரணத் திறமையல்ல. 1936இல் வெளிவந்த, ஜெர்மன் இனச் சட்டங்களுக்கான விளக்கவுரை நூலில் அத்திறமையைக் காணலாம். ஆசிரியர்கள் இருவர்: உள்துறை அமைச்சகத்தில் செயலராயிருந்த வில்ஹெல்ம் ஸ்டுக்கார்ட், அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய ஹான்ஸ் குளோப்கே. ஜெர்மன் நீதி நிர்வாகத்தில் விளக்கவுரை நூல் என்பது நீதிபதியும் பதிவாளரும் நாள்தோறும் எடுத்துப் பார்க்கும் கைநூல். சட்டம் சுருக்கமாக இருக்கும். அதை எந்த மனிதர் மீது, எப்படிப் பிரயோகிப்பது என்பதை விளக்கவுரைதான் சொல்லும்.

பின்னாளில் குளோப்கேயின் ஆதரவாளர்கள் வேறு விதமாக வாதிட்டனர். அவர் விளக்கவுரை எழுதியிராவிட்டால் வெறிபிடித்த வேறொருவர் எழுதியிருப்பார். கலப்பினத்தவர் என்ற வகையினருக்குக் கூடியவரை சலுகை கிடைக்கும்படி அவர் எழுதினார் என்றனர். அவர் அமைச்சகத்தில் நடப்பதைப் பெர்லின் ஆயர் பிரைசிங்குக்கு இரகசியமாகத் தெரிவித்து வந்தார் என்பதும் மறுக்கப்படாத செய்தி. ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்தோர் சிலருடன் அவருக்குத் தொடர்பு இருந்தது. திருச்சபையினர் இவற்றுக்குச் சான்று அளித்தனர்.

இவற்றை எள்ளி நகையாடி ஒதுக்கிவிடுவது எளிது, நேர்மையாகாது. உள்ளே இருந்துகொண்டே கேட்டைக் குறைக்கிறேன் என்று நம்பிய அதிகாரிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களில் சிலர் உண்மையாகவே சில உயிர்களைக் காத்ததும் உண்டு. குளோப்கேயும் தெரிந்தவர் சிலருக்கு உதவியிருக்கலாம். ஆனால் அந்த இரகசிய உதவி தேவைப்படும் நிலைக்கு மக்களைத் தள்ளிய விதிகளில் அவருடைய பெயரும் கையும் இருந்தன. ஒரு கையால் கதவைத் தாழிட்டுவிட்டு, மறு கையால் சாவித் துவாரத்தின் வழியே ஒருவருக்குத் தண்ணீர் புகட்டுவதைக் கருணை என்று அழைப்பதானால், தாழிட்டதற்கு என்ன பெயர் சூட்டுவது? தவிரவும், 1932இன் சுற்றறிக்கைக்கு இந்த வாதம் பொருந்தவே பொருந்தாது. எந்தக் கேட்டைக் குறைப்பதற்காக அதை எழுதினார்?

பெயர்களை ஆளும் துறை அவரிடமே இருந்தது. 1938 ஜனவரியில் பெயர் மாற்றச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 17இல் அதன் இரண்டாம் நடைமுறை விதி வந்தது. யூதர்கள் தம் குழந்தைகளுக்கு இடத்தக்க பெயர்களை அமைச்சகமே ஒரு பட்டியலாக வெளியிட்டது. அப்பட்டியலில் இல்லாத பெயரை உடைய யூத ஆண் ஒவ்வொருவரும் 1939 ஜனவரி 1 முதல் தம் பெயரோடு ‘இஸ்ரேல்’ என்பதையும், பெண் ஒவ்வொருவரும் ‘சாரா’ என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கையெழுத்திடும்போதெல்லாம் அதை எழுத வேண்டும். எழுதத் தவறினால் சிறை. 1938 அக்டோபரில் யூதர்களின் கடவுச்சீட்டில் சிவப்பு எழுத்து முத்திரை குத்தும் வழக்கம் வந்தது. தாய் தந்தையர் இட்ட பெயருக்குள்ளேயே அரசு தன் அடையாளத்தைப் புகுத்திவிட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1941 அக்டோபரில், ஜெர்மன் நகரங்களிலிருந்து கிழக்கு நோக்கி ரயில்கள் புறப்படத் தொடங்கியபோது, யார் யார் ஏற்றப்பட வேண்டும் என்று தெருத்தெருவாகத் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பட்டியல்கள் ஆயத்தமாக இருந்தன.

அதே ஆண்டு நவம்பர் 25 தேதியிட்ட இன்னொரு விதி அவர் பணியாற்றிய அமைச்சகத்திலிருந்து வந்தது. வெளிநாட்டில் வசிக்கும் யூதர் ஜெர்மன் குடியுரிமையை இழப்பார். அவருடைய சொத்து அரசுக்குச் சேரும் என்றது அது. நாடு கடத்தும் ரயில் எல்லையைத் தாண்டுகிறது. உள்ளே இருப்பவர் ‘வெளிநாட்டில் வசிப்பவர்’ ஆகிவிடுகிறார். வீடும் சேமிப்பும் அரசுக்கு வந்து சேர்கின்றன. சட்டத்தின் வழியே நிகழ்ந்த கொள்ளை! வரலாற்றாசிரியர் ரவுல் ஹில்பர்க், ஐரோப்பிய யூதர்களின் அழிவு பற்றி 1961இல் வெளியிட்ட பெருநூலில் இதன் வரிசையைத் தெளிவாகக் காட்டினார். முதலில் வரையறுத்தல், பின்னர் உடைமை பறித்தல், அதன்பின் ஓரிடத்தில் குவித்தல், கடைசியில் கொல்லுதல். முதற்படி இல்லாமல் நான்காம் படி இல்லை. முதற்படியில் துப்பாக்கியே தேவைப்படவில்லை.

1940இல் குளோப்கே நாஜிக் கட்சியில் சேர விண்ணப்பித்தார். அவருடைய பழைய மையக் கட்சித் தொடர்பைக் காரணம் காட்டி, மார்ட்டின் போர்மனின் கட்சிச் செயலகம் 1943இல் அதை நிராகரித்தது. அன்று அது அவருக்கு அவமானமாக இருந்திருக்கலாம். 1945க்குப் பிறகோ அந்த நிராகரிப்பே அவருக்குக் கவசமாயிற்று.

போர் முடிந்தது. அமைச்சர் ஃப்ரிக் நியூரம்பர்க்கில் தூக்கிலிடப்பட்டார். யூதர்களைக் கொன்றொழிக்கும் பணியை ஒருங்கிணைத்த 1942ஆம் ஆண்டு வான்சே கூட்டத்தில் அமர்ந்திருந்த ஸ்டுக்கார்ட், அமைச்சகங்கள் மீதான வழக்கில் நிறுத்தப்பட்டு, விசாரணைக் காலத்தில் கழித்த சிறைவாசமே போதுமென்று 1949இல் விடுவிக்கப்பட்டார். அவ்வழக்கில் குளோப்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. சாட்சிக் கூண்டில் நின்றார். யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படுவது தமக்குத் தெரியும் என்று அங்கே ஒப்புக்கொண்டார். ஆனால் ஜெர்மனியிலும், தெரேசியன்ஸ்டாட்டிலும், வேறிடங்களில் ஒரு வகைச் சேரியிலும் யூதர்கள் இன்னும் உயிரோடு இருப்பதாகவே தாம் எண்ணியதாகக் கூறினார். தெரேசியன்ஸ்டாட் என்ற அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாஜி நீக்க விசாரணைக் குழு 1947இல் அவரை ஐந்தாம் வகையில் சேர்த்தது, அதாவது களங்கமற்றவர். அதற்கு முந்திய ஆண்டே அவர் ஆஹன் நகரின் நிதிப் பொறுப்பாளராகிவிட்டார். 1949 செப்டம்பரில் கொன்ராட் ஆடனாவர் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலரானார். குளோப்கேயைத் தம் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார்.

ஆடனாவர் நாஜியல்லர். 1933இல் கொலோன் மேயர் பதவியிலிருந்து நாஜிகளால் துரத்தப்பட்டவர் அவர். பின் ஏன் இவரைச் சேர்த்துக்கொண்டார்? அழுக்குத் தண்ணீர்தான் என்றாலும் நல்ல தண்ணீர் கிடைக்கும்வரை அதைக் கொட்டிவிடுவதில்லை என்ற பொருளில் அவர் கூறியதாகச் சொல்வார்கள். சாமர்த்தியமான பேச்சு. உண்மையில் நல்ல தண்ணீர் இல்லாமலா போயிற்று? முகாம்களிலிருந்து உயிர்தப்பி வந்தோர் இருந்தனர். நாடு கடந்து வாழ்ந்து திரும்பிய சட்ட அறிஞர்கள் இருந்தனர். ஆனால் அவர்களில் மிகப் பலர் கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், தொழிற்சங்கத்தினர். ரூர் பகுதியின் சுரங்கங்களையும் உருக்காலைகளையும் பொதுவுடைமையாக்க வேண்டும் என்ற கோரிக்கை அப்போது அடங்கியிருக்கவில்லை. கெடுபிடிப் போர் தொடங்கிவிட்டிருந்தது. ஆளும் வர்க்கத்துக்குச் சுத்தமான தண்ணீரைவிடப் பழகிய தண்ணீர் தேவைப்பட்டது. மற்றொன்றும் உண்டு. கடந்த காலம் கறைபட்ட அதிகாரி, தம்மைக் காக்கும் தலைவர் ஒருவரையே நம்பி நிற்பார். அவரைவிட விசுவாசமான ஊழியர் கிடைப்பதரிது.

1950 ஜூலையில் சமூக ஜனநாயகக் கட்சியின் அடால்ஃப் ஆர்ன்ட், நாடாளுமன்றத்தில் குளோப்கேயின் விளக்கவுரையை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். பயனில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று ஆடனாவர் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பட்டியலிடப்பட்ட அமைப்புகளில் இருப்போர் அரசுப் பணியில் நீடிக்க முடியாது. பட்டியலில் வலதுசாரி அமைப்புகளும் இருந்தன. ஆனால் பெரும்பாலானவை இடதுசாரி அமைப்புகள். கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது. நாஜி ஆட்சியில் துன்புற்றோரின் சங்கமும் இருந்தது! எட்டு மாதம் கழித்து, 1951 மே 11 அன்று, அரசமைப்பின் 131ஆம் பிரிவுக்கான சட்டம் வந்தது. 1945இல் வேலை இழந்த பழைய அதிகாரிகள், கடுங்குற்றவாளிகள் என வகைப்படுத்தப்பட்டோர் நீங்கலாக, மீண்டும் பணியில் சேரவும் ஓய்வூதியம் பெறவும் அது வழி திறந்தது. நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. இவ்விரு காகிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள், தோழர்களே. முகாமில் அடைபட்டுக் கிடந்தவர் வேலையிலிருந்து வெளியே. அடைக்க ஆணை தயாரித்தவர் உள்ளே.

1953இல் குளோப்கே சான்சலர் அலுவலகத்தின் அரசுச் செயலரானார். அடுத்த பத்தாண்டுகள் அவர் கையெழுத்தில்லாமல் பானில் எதுவும் நகரவில்லை எனலாம். ஷாம்பர்க் மாளிகையின் தோட்டத்தில் ஆடனாவரும் அவரும் பேசிக்கொண்டே உலாவுவது வழக்கம். அமைச்சகங்களில் யாரை எந்தப் பதவியில் அமர்த்துவது என்பதில் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. உளவுத்துறையும் அவர் பார்வையின் கீழேயே இருந்தது. கிழக்குப் போர்முனையில் ஹிட்லரின் படைக்காக உளவு திரட்டிய ரைன்ஹார்ட் கேலனின் அமைப்பு, அமெரிக்கப் பணத்தில் சில காலம் இயங்கியபின், 1956 ஏப்ரலில் மேற்கு ஜெர்மனியின் அதிகாரபூர்வ அயல்நாட்டு உளவுத்துறையாகிச் சான்சலர் அலுவலகத்தின் கீழ் வந்தது. அயல்நாட்டு உளவு என்பது பெயரளவில். சமூக ஜனநாயகக் கட்சித் தலைமையகத்துக்குள்ளிருந்தே திரட்டிய இரகசியத் தகவல்களை அது பல்லாண்டுகள் குளோப்கே வழியாக ஆடனாவரின் மேசைக்கு அனுப்பி வந்தது என்பதை வரலாற்றாசிரியர் கிளாவுஸ் டீட்மர் ஹென்கே 2022இல் ஆவணங்களோடு வெளிக்கொணர்ந்தார்.

1956 ஆகஸ்ட் 17 அன்று கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. 1951க்கும் 1968க்கும் இடையே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட அரசியல் விசாரணைகள் நடந்தன என்றும், ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். ஹிட்லர் காலத்தில் சிறையிலிருந்த கம்யூனிஸ்டுகள் சிலர் ஆடனாவர் காலத்திலும் சிறை சென்றனர்.

குளோப்கேயைப் பற்றிய உண்மைகளை வெளியே கொண்டுவந்தவர்கள் யார்? முதலில் சொல்ல வேண்டியவர் ஃப்ரிட்ஸ் பாவர். யூதர், சமூக ஜனநாயகவாதி, 1933இல் முகாமில் அடைபட்டு, பின் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் வாழ்ந்து திரும்பி, ஹெஸ்ஸே மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரானவர். அவரும் ஜெர்மன் அரசு அதிகாரியே. அதிகாரியாக இருந்துகொண்டே வேறு மாதிரியும் இருக்க முடியும் என்பதற்கு அவரே சான்று. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. அடால்ஃப் ஐக்மன் அர்ஜென்டினாவில் ஒளிந்திருக்கும் செய்தி கிடைத்தபோது, தம் நாட்டுத் துறைகளிடம் சொன்னால் அவனுக்கு எச்சரிக்கை போய்விடும் என்று அஞ்சி, 1957இல் இஸ்ரேலியரிடம் தெரிவித்தார். அந்த அச்சம் வீணானதல்ல. ஐக்மன் இருக்கும் நாட்டை மேற்கு ஜெர்மன் உளவுத்துறை 1958இலேயே அறிந்திருந்ததையும் அமெரிக்க உளவுத்துறைக்குத் தெரிவித்ததையும் 2006இல் வெளியான அமெரிக்க ஆவணங்கள் காட்டின. ஐக்மன் பிடிபட்டபின் அவனுடைய நினைவுக் குறிப்புகளை வெளியிட்ட ‘லைஃப்’ இதழிலிருந்து குளோப்கேயின் பெயரை நீக்கச் செய்ததும் அதே அமெரிக்க உளவுத்துறைதான். 1961இல் பாவர் குளோப்கே மீது விசாரணை தொடங்கினார். அது அவர் கையிலிருந்து பிடுங்கப்பட்டுப் பான் நகர அரசு வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது, அங்கே மூடப்பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தனர்.

மற்றொரு முனை கிழக்கு ஜெர்மனி. அங்கே குளோப்கேக்கு எதிரான இயக்கத்தை முன்னெடுத்தவர் சோஷலிச ஐக்கியக் கட்சியின் அரசியல் குழு உறுப்பினர் ஆல்பர்ட் நார்டன். அவர் ஒரு யூத மதகுருவின் மகன். அந்தத் தந்தை 1943இல் தெரேசியன்ஸ்டாட்டில் இறந்தார். யூதர்கள் உயிரோடு இருப்பதாகத் தாம் எண்ணியதாகக் குளோப்கே சொன்ன அதே இடம். 1963 ஜூலையில் கிழக்கு ஜெர்மன் உச்ச நீதிமன்றம், குளோப்கே நேரில் இல்லாமலேயே வழக்கை விசாரித்து ஆயுள் தண்டனை விதித்தது. வெறும் பிரச்சாரம் என்று பான் அதைத் தள்ளியது. பிரச்சார நோக்கம் அதில் இருக்கவே செய்தது. எதிரியை வீழ்த்தும் அவசரத்தில் சில இடங்களில் ஆதாரத்தின் எல்லையை மீறிப் பேசியதும் உண்டு. அது அந்த முயற்சிக்கே கேடாயிற்று. ஏனெனில் 1932இன் சுற்றறிக்கையும் 1936இன் நூலும் அச்சில் கண்முன்னே இருந்தன. மிகைப்படுத்த எந்தத் தேவையும் இருக்கவில்லை.

எண்ணிக்கை பற்றி ஒரு செய்தி. மேற்கு ஜெர்மன் உள்துறை அமைச்சகத்தின் கடந்த காலத்தை ஆராய அந்த அமைச்சகமே பிற்காலத்தில் வரலாற்றாசிரியர்களை அமர்த்தியது. 1950களின் பிற்பகுதியிலிருந்து 1961 வரை அதன் உயர் அதிகாரிகளில் ஏறத்தாழ 66 விழுக்காட்டினர் முன்னாள் நாஜிக் கட்சி உறுப்பினர்கள் என்று அவ்வாய்வு கண்டது. கிழக்கு ஜெர்மன் உள்துறையில் அது 14 விழுக்காடு. வேறுபாடு பெரிது, ஆனால் 14 என்பதும் சுழியமல்ல என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. இத்தகைய கணக்கெடுப்பு எதிலும் குளோப்கே வரமாட்டார். அவரிடம்தான் கட்சி அட்டை இல்லையே! நாஜிகளை அட்டையைக் கொண்டு எண்ணுபவரின் பட்டியலில் நியூரம்பர்க் சட்டங்களின் உரையாசிரியருக்கு இடமில்லை.

1963 அக்டோபரில் ஆடனாவரோடு குளோப்கேயும் பதவி விலகினார். நாட்டின் உயரிய விருதுகளுள் ஒன்று அவருக்கு அளிக்கப்பட்டது. ஜெனீவா ஏரிக் கரையில் குடியேற விரும்பினார்; சுவிட்சர்லாந்து அவரை வேண்டாதவர் என்று கூறி அனுமதி மறுத்தது. தம் வாழ்நாளில் அவர் அனுபவித்த ஒரே தண்டனை இதுதான் போலும். அரசுச் செயலருக்குரிய ஓய்வூதியத்தோடு பானில் வாழ்ந்தார்.

1972 ஜனவரி 28 அன்று, நாஜிகளை எதிர்த்து நாடு கடந்து வாழ்ந்தவரான வில்லி பிராண்ட் சான்சலராயிருந்தபோது, மத்திய அரசும் மாநில முதல்வர்களும் கூடி மற்றொரு ஆணையை வெளியிட்டனர். அரசமைப்புக்கு விரோதமானவர்கள் அரசுப் பணிக்கு வரலாகாது என்பது அதன் சாரம். ஆசிரியர், அஞ்சல்காரர், ரயில் ஓட்டுநர் என்று இலட்சக்கணக்கானோரின் அரசியல் பின்னணி துருவப்பட்டது. 1933, 1950, 1972 ஆகிய மூன்று ஆண்டுகளின் ஆணைகளிலும் கம்யூனிஸ்டுகளுக்குத் தவறாமல் இடமிருந்தது.

குளோப்கே 1973 பிப்ரவரி 13 அன்று, தம் 74ஆம் வயதில் இறந்தார்.

பீட்டர் கிங்கோல்ட் என்பவர் ஃபிராங்ஃபர்ட்டைச் சேர்ந்த யூதர்; கம்யூனிஸ்ட். பிரான்சில் எதிர்ப்பியக்கத்தில் போராடியவர். 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலைக்கான எழுச்சியில் பங்கு கொண்டவர். உடன்பிறந்தோர் இருவரை ஆஷ்விட்ஸில் பறிகொடுத்தவர். கட்சி தடை செய்யப்பட்ட 1956இல், அவரும் குடும்பத்தினரும் ஜெர்மன் குடிமக்களல்லர் என்று மேற்கு ஜெர்மன் அதிகாரிகள் முடிவு செய்தனர். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின்னர், 1970களில்தான் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. அவருடைய மகள் ஹெஸ்ஸே மாநிலத்தில் பள்ளி ஆசிரியை. 1972இன் ஆணைப்படி 1975இல் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஜெர்மனியிலும் பிரான்சிலும் கண்டனம் எழுந்தது. அடுத்த ஆண்டு அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டனர். சாதாரணப் பணியாளராக மட்டுமே. குளோப்கே மூன்று ஆட்சிகளிலும் வகித்த நிரந்தர அரசு அலுவலர் என்ற தகுதி அவருக்குத் தரப்படவில்லை.